குடிக்காத சேவுகனின் தள்ளாட்டம்

கல்லுக்குழியில் அடிபட்ட பிறகுதான் சேவுகனுக்கு வலிப்பு வந்தது. ஆலங்குண்டு மலையடியில் வெடி வைத்துப் பாறை பிளந்துகொண்டிருந்த ஒரு காலையில், சில்லு ஒன்று தெறித்து வந்து அவன் இடது நெற்றிப்பொட்டுக்கு மேல் இறங்கியது. காயம் ஆறிவிட்டது. ஆனால் அந்த வருஷக் கடைசியில், உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருந்தவன் திடீரென்று பின்னால் சாய்ந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளியது.

ஊரில் அவனைப்போல் தோள் அகலம் யாருக்கும் இல்லை. அய்யனார் கோயில் புரவி எடுப்பில், மண்குதிரையைச் சுமக்கிற கம்புக்கு முன்தோள் கொடுப்பது அவன் வகையறாவின் உரிமை. அப்பனுக்குப் பிறகு அவன்தான் கொடுத்துவந்தான். அப்படிப்பட்டவன் மண்ணில் கிடந்து இழுப்பதைப் பார்க்கச் சகிக்காமல், மனைவி செவந்தி அவனைத் திருமயத்துக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள்.

அங்கே கோட்டைக்குப் பக்கத்தில் டாக்டர் ஆத்மநாதன் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஊர்ப் பக்கம் திரும்பியவர். ஒல்லியான மனிதர். எதையும் இரண்டு தடவை கேட்பார்.

“கல்லுக்குழி வேலைங்கிறே. சாராயம் குடிக்கிற பழக்கம் உண்டா?”

“கோயில் சத்தியமா இல்லீங்கய்யா.”

“கொஞ்சம்கூட?”

“தொட்டதே இல்லீங்க.”

செவந்தி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். மதுவிலக்குக் காலம். கால்சட்டை போட்ட ஒருவரிடம் ‘குடிப்பேன்’ என்று சொன்னால் நேரே ஸ்டேஷனுக்குப் போகவேண்டியதுதான் என்று இருவருமே நம்பினார்கள். உண்மை என்னவென்றால், பனங்காட்டுக்குள் காய்ச்சுகிற சாராயத்தைச் சேவுகன் தினமும் குடித்தான். கல்லுக்குழியில் எல்லோரும் உடம்பு வலிக்கென்று குடித்தார்கள். அவனுக்கு வலி இல்லாத நாளிலும் அது வேண்டியிருந்தது.

டாக்டர் வலிப்புக்கு இரண்டு மாத்திரை எழுதினார். வலிப்பு நிற்கவில்லை. மூன்றாக்கினார். பிறகு நாலு. கடைசியில் ஐந்து.

“இவ்வளவு மாத்திரை நான் யாருக்குமே குடுத்ததில்லை. ஒழுங்காச் சாப்பிடுறானாம்மா?”

“நான்தான்யா கையில எடுத்துக் குடுக்குறேன். என் கண்ணு முன்னாடிதான் முழுங்குறாக.”

அது பொய்யில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த உடம்பில் மாத்திரை எங்கே போய் மறைகிறது என்று அவருக்குப் புரியவில்லை.

1965ஆம் வருஷம் சித்திரைக் கடைசியில் சேவுகன் வயல் வாய்க்காலில் விழுந்தான். கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால் முகம் குப்புறக் கிடந்தது. புல்லறுக்கப் போன செவந்தி பார்த்து, ஓடிவந்து புரட்டிப் போட்டாள். அவனுக்கு நினைவு வந்தபோது அவள் அழவில்லை. நனைந்த சேலையோடு வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

“நான் இங்கிட்டு வராம அங்கிட்டுப் போயிருந்தா, நீங்க இந்நேரம் இல்ல” என்றாள். “அம்புட்டுத்தான் சொல்லுவேன்.”

சேவுகன் எழுந்தான். ஈர வேட்டியோடு கருப்பர் கோயிலுக்குப் போய்ப் படியைத் தொட்டு, இனிமேல் சாராயத்தைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஊர்த் தலைவரான அம்பலம் உடையப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

“சொன்னதக் காப்பாத்துடா. ஆனியில புரவிக்குத் தோள் குடுக்கணும். குடிச்சவன் கம்பத் தொட்டா நான் பாத்துக்கிட்டு நிக்கமாட்டேன்.”

முதல் சில நாட்கள் கொடுமையாக இருந்தன. உடம்பு உதறியது. வியர்த்துக் கொட்டியது. கூரையில் பாம்பு ஊர்கிறது என்று கத்தினான். செவந்தி கஞ்சியும் மோரும் கொடுத்து, மாத்திரையையும் தவறாமல் கொடுத்து, பக்கத்திலேயே கிடந்தாள். பிறகு எல்லாம் அடங்கியது. அதோடு வலிப்பும் நின்றது. ஒரு வாரம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. வீட்டில் மாத்திரைக் காகிதம் பிரிக்கிற சத்தமே நல்ல சத்தமாகக் கேட்டது.

வைகாசி பாதியில் சேவுகனின் நாக்கு தடித்தது.

முதலில் ஒன்றிரண்டு வார்த்தைதான் குழறியது. அப்புறம் நடை போயிற்று. வீட்டுக்குள் வருபவன் நிலையில் இடித்துக்கொண்டான். கால் அகட்டி அகட்டி நடந்தான். எதிரில் நிற்கிறவரை இரண்டாகத் தெரிகிறது என்றான். மூன்று வருஷம் பார்த்த தள்ளாட்டம் செவந்திக்குத் தெரியாதா? கையில் இருந்த சட்டியை முற்றத்தில் ஓங்கிப் போட்டு உடைத்தாள்.

“கருப்பரத் தொட்டுச் சொன்னீகளே! அவருக்குமா பொய்யி?”

“நா... நான் குடிக்கல புள்ள.”

“இந்தப் பேச்சே சொல்லுதே!”

“என் வாய மோந்து பாரு.”

மோந்து பார்த்தாள். கஞ்சி வாடைதான் அடித்தது. ஏலக்காயோ கொய்யா இலையோ மென்றிருப்பான் என்று நினைத்தாள். மறுநாள் அவனை வெளியே விடவில்லை. அதற்கடுத்த நாளும் விடவில்லை. அவன் கொல்லைக்குப் போனாலும் பின்னாலேயே போனாள். விடிந்ததிலிருந்து அவன் வாய்க்குள் போனது என்னவென்று அவளுக்குத் தெரியும்: கஞ்சி, தண்ணீர், மாத்திரை. அப்படியும் உச்சிப்பொழுதில் அவன் எழுந்து நின்றால் காற்றில் ஆடுகிற வாழை மாதிரி ஆடினான்.

செவந்தி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க குடிக்கல” என்றாள். “இது வேற என்னமோ. டாக்டர்கிட்ட போவோம்.”

“புரவி முடியட்டும்.”

“இந்தக் காலோடயா தூக்கப் போறீக?”

“போகாம இருந்தா என்ன சொல்லுவாக? குடிச்சிட்டுக் கெடக்கான்னுதான சொல்லுவாக?”

செவந்தி எழுந்து போய் மாத்திரையை எடுத்துவந்தாள்.

ஆனி மாதம் புரவி எடுப்பு அன்று, மண்குதிரை செய்கிற வேளார் வீட்டுப் பொட்டலில் ஆளுயரக் குதிரைகள் சுண்ணாம்பும் காவியும் பூசி, கழுத்தில் மாலையோடு நின்றன. மேளம் முழங்கியது. முதல் குதிரைக்கு முன்தோள் கொடுத்துச் சேவுகன் எழுந்தான். கொஞ்ச தூரம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். கண்மாய்க் கரை ஏற்றத்தில் வலதுகால் வைக்க நினைத்த இடத்தில் விழவில்லை. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. கம்பு சரிந்தது. குதிரை தரையில் மோதி, கழுத்து தனியாக, கால்கள் தனியாக உடைந்து உருண்டது.

மேளம் நின்றது. சேவுகன் எழுந்திருக்க முயன்று மறுபடியும் விழுந்தான்.

“குடிச்சிட்டு அய்யனாரத் தொட்டுட்டான்!” யாரோ கத்தினார்கள். அப்புறம் எல்லோரும் கத்தினார்கள். அடிக்கப் பாய்ந்த கைகளுக்கு நடுவே செவந்தி குறுக்கே விழுந்தாள். அம்பலம் உடையப்பன் அடிக்க விடவில்லை. ஆனால் அவர் முகம் கல்லாக இருந்தது.

“சாமிக்குச் சொன்ன சத்தியம் போச்சு. இனி இவன் வகையறா கம்பத் தொடக்கூடாது. எடுப்ப நிறுத்துங்க. புதுக் குதிரை செஞ்சு ஆடியில எடுப்போம்.”

திருவிழா பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீஸ்காரர் இன்னாசி, குடித்ததற்கு வழக்குப் போடுவதற்காகச் சேவுகனைத் திருமயத்துக்குக் கொண்டுபோனார். டாக்டர் ஒருவர் பார்த்து எழுதித் தரவேண்டும். அன்று இருந்தவர் ஆத்மநாதன்தான். செவந்தி அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே போய் இறங்கி ஓடினாள்.

அவள் உள்ளே நுழைந்தபோது டாக்டர் சேவுகனை நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லிக்கொண்டிருந்தார். மூடியதும் அவன் சாய்ந்தான். விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். விரல் கன்னத்தில் போய்க் குத்தியது. தன் விரலைப் பக்கவாட்டில் நகர்த்தி அதையே பார்க்கச் சொன்னார். கண்மணிகள் நிலைகொள்ளாமல் துள்ளின.

“இன்னும் என்னங்கய்யா பாக்கணும்?” என்றார் இன்னாசி. “நல்லா ஏத்தியிருக்கான்.”

“வாடை இல்லையே.”

“அதுக்கெல்லாம் இவனுக வழி வச்சிருப்பானுகய்யா.”

டாக்டர் பேனாவை எடுத்தார். செவந்தி அந்த மேஜையின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

“ஐயா, ஒங்ககிட்ட நாங்க பொய் சொல்லிட்டோம். இவுக குடிச்சவுகதான். ஒங்ககிட்ட மொதத் தடவ வந்தன்னைக்கும் குடிச்சாக. நீங்க மாத்திரயக் கூட்டிக் கூட்டிக் குடுத்த அம்புட்டு நாளும் குடிச்சாக. சித்திரைக் கடைசியில விட்டுட்டாக. விட்டதுக்கு அப்புறம் ஒரு சொட்டு தொடல. வீட்டுக்குள்ள அடச்சு வச்சு நானே பாத்தேன். தொடல. ஆனா விட்டதுக்கு அப்புறந்தான்யா இப்படி ஆடுறாக.”

இன்னாசி சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்து நின்றார்.

“தினமும் குடிச்சானா?”

“ஆமாங்கய்யா.”

“நிறுத்தின பிறகு வலிப்பு?”

“ஒரு தடவகூட வரல.”

“மாத்திரை?”

“அதே அஞ்சு. நீங்க சொன்னபடிக்கே.”

“அட!” என்றார் டாக்டர். அந்தக் குரலைக் கேட்டுச் செவந்தி பயந்துபோனாள். அவர் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். “இன்னாசி, சாராய மயக்கம் எவ்வளவு நேரம் நிக்கும்?”

“தூங்கி எந்திரிச்சாத் தெளிஞ்சிரும்யா.”

“இவனை இங்கேயே படுக்க வைக்கிறேன். நீங்களே வாசல்ல உட்காருங்க. நான் குடுக்கிற கஞ்சியைத் தவிர எதுவும் உள்ளே போகக்கூடாது. விடிஞ்சு தெளிஞ்சிருந்தா, நீங்க கேட்டபடி எழுதித் தர்றேன்.”

“தெளியலைன்னா?”

“அப்ப அது சாராயம் இல்லை.”

இன்னாசி சந்தேகக்காரர். சன்னலையும் பூட்டச் சொல்லிவிட்டு, நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். காலையில் டாக்டர் வந்தபோது இன்னாசியே சேவுகனின் கையைப் பிடித்து வராந்தாவில் நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். சேவுகன் நேற்று ஆடிய மாதிரியே ஆடினான். பேச்சும் அப்படியே குழறியது.

“மாதாவே!” என்றார் இன்னாசி. “நான் கண்ண மூடவே இல்லய்யா. இவன் ஒண்ணும் குடிக்கல. இது என்னய்யா வியாதி?”

“வியாதி இல்லை. என் மாத்திரை” என்றார் டாக்டர். அவர் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. செவந்தியை உட்காரச் சொல்லி, தன் வயிற்றின் வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இங்க ஈரல் இருக்கும்மா. நாம சாப்பிடுற மருந்தை உடைச்சு வெளியேத்துறது அதோட வேலை. அதுக்குன்னு உள்ளே சில சரக்கு இருக்கு, நொதின்னு பேரு. வேலையாட்கள்னு வச்சுக்க. தினமும் சாராயம் போனா வேலை கூடிப்போகுது. ஈரல் ஆட்களைக் கூட்டிக்குது. கூட வந்த ஆட்கள் சாராயத்தோட நிறுத்துறதில்லை, மாத்திரையையும் சேர்த்து உடைச்சுத் தள்ளிடுறாங்க. அதனாலதான் எத்தனை குடுத்தாலும் பிடிக்கலை. சாராயத்தை விட்டதும் அந்த ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சுட்டாங்க. மாத்திரை மட்டும் அதே அஞ்சு உள்ளே போகுது. உடைக்க ஆள் இல்லாம ரத்தத்துல தேங்கிப் போச்சு. மூளை தள்ளாடுது.”

“நெசமாவாய்யா?”

“நான் சென்னையில இருந்தப்போ, ஆபரேஷனுக்குக் குடிகாரங்களை மயக்குறது பெரும்பாடு. மருந்து ஏறவே ஏறாது. ஏன்னு அப்பத் தெரியலை. இப்ப வைத்தியப் பத்திரிகையில, தூக்க மாத்திரையை ஈரல் சீக்கிரமா உடைக்கப் பழகிக்கிறதைப் பத்தி எழுதுறாங்க. இந்த மாத்திரைக்கும் அதே கதைன்னு நான் நினைக்கிறேன். நினைச்சது சரியான்னு இவன் கால் சொல்லிடும்.”

அன்றைக்கு மாத்திரையை நிறுத்தினார். மறுநாளிலிருந்து இரண்டுதான். ஒவ்வொரு காலையும் வராந்தாவில் ஒரு கோடு கிழித்து அதன்மேல் சேவுகனை நடக்க வைத்தார். முதலில் கோடு எங்கேயோ, கால் எங்கேயோ. பிறகு பாதிக் கோடு வரை வந்தான். அந்த வாரக் கடைசியில், கோட்டின் மேல் குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட வைத்து அந்தக் கோடிக்குப் போய், திரும்பியும் வந்தான்.

“என் பேரு சேவுகன்” என்று சத்தமாகச் சொன்னான். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. “என் பொஞ்சாதி பேரு செவந்தி. எனக்கு எல்லாம் ஒண்ணு ஒண்ணாத் தெரியுது!” வராந்தாவில் காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செவந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

வழக்கு எழுதப்படவில்லை. ஆனால் ஊர் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் தன் பழைய காரில் சேவுகனையும் செவந்தியையும் ஏற்றிக்கொண்டு ஆலங்குண்டுக்கு வந்தார். கூட இன்னாசியும் வந்தார். கோயில் பொட்டலில் ஊர் கூடியது.

இன்னாசிதான் முதலில் பேசினார். “நான்தான் பிடிச்சுக்கிட்டுப் போனேன். நான்தான் கதவுல ஒக்காந்து காவல் இருந்தேன். வேதக்காரன் நான், மாதா மேல ஆணையாச் சொல்றேன், இந்தாளு குடிக்கல. குடிச்சிருந்தா நானே உள்ள போட்டிருப்பேன்.”

போலீஸ்காரரே ஒருவனுக்காகப் பரிந்து பேசியது அந்த ஊருக்குப் புதிது. சலசலப்பு எழுந்தது. டாக்டர் ஈரலைப் பற்றியும் வேலையாட்களைப் பற்றியும் சொன்னார். சிலருக்குப் புரிந்தது. சிலருக்குப் புரியவில்லை. அம்பலம் உடையப்பன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர், கையை உயர்த்தினார்.

“இருங்க, நான் ஒரு தடவ சொல்லிப் பாக்குறேன். கம்மா இருக்கு. மடை அகலமாத் தொறந்து கெடக்கு. எம்புட்டுத் தண்ணி வந்தாலும் நிக்கல. நீங்க வரத்தக் கூட்டிக்கிட்டே போறீங்க. ஒரு நா மடை சுருங்கிப்போச்சு. வரத்துக் கொறையல. கம்மா ஒடச்சுக்கிட்டுப் போகுது. அதானே?”

“அதேதான்!” டாக்டர் கைதட்டினார்.

“சரி, அப்ப குடிச்சுக்கிட்டே மாத்திரயக் கூடுதலாத் தின்னாச் சரியாப்போகுமா?” கூட்டத்தில் ஒருவன் கேட்டான். சிரிப்பு எழுந்தது.

“செத்துப்போவே” என்றார் டாக்டர். சிரிப்பு நின்றது. “ஒரேயடியா நெறையக் குடிச்சா அன்னைக்கு நேர்மாறு. ஈரலுக்குச் சாராயத்தைப் பார்க்கவே நேரம் சரியாயிடும், மாத்திரையைக் கவனிக்காது. இரண்டும் சேர்ந்து அமுக்கினா மூச்சே நின்னுபோகலாம். தினம் குடிக்கிறவன் உடம்பு ஒரு மாதிரி, விட்டவன் உடம்பு வேற மாதிரி. எனக்கு உண்மை தெரிஞ்சாத்தான் அளவு தெரியும். நான் போலீஸ் இல்லைய்யா, டாக்டர்.”

செவந்தி கூட்டத்தின் நடுவுக்கு வந்தாள். பெண்கள் பேசுகிற இடமில்லை அது. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

“மாமா” என்றாள் அம்பலத்தைப் பார்த்து. “இவுக குடிச்ச காலத்துல ஊரே பாத்துச்சு, யாரும் ஒண்ணும் கேக்கல. குடிய விட்டப்பத்தான் எல்லாரும் அடிக்க வந்தீக. கருப்பருக்குச் சொன்னத இவுக மீறல. அத நீங்க இந்த எடத்துல, எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லணும்.”

உடையப்பன் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“சேவுகன் சத்தியத்தக் காப்பாத்திட்டான். நாங்கதான் தப்பாச் சொல்லிட்டோம்” என்றார். குரல் பொட்டல் கோடி வரை போனது. “ஆடியில முன்தோள் அவன்தான்.”

ஆடி வெள்ளியன்று குதிரைகள் மறுபடியும் பொட்டலில் வரிசையாக நின்றன. முதல் குதிரை போன தடவையைவிடப் பெரிது. வேளார் வேண்டுமென்றே பெரிதாகச் செய்ததாகச் சொன்னார்கள். டாக்டர் வந்திருந்தார். இன்னாசி பந்தோபஸ்தை மறந்து முன்வரிசையில் நின்றார்.

சேவுகன் கம்பைத் தோளில் வாங்கினான். குதிரை எழுந்தது. சுற்றி நடந்தவர்கள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்கள். கண்மாய்க் கரை ஏற்றம் வந்ததும் பேச்சு முழுக்க அடங்கிப்போனது. அவன் வலதுகாலை ஊன்றினான். நினைத்த இடத்தில் நின்றது. இடதுகாலை ஊன்றினான். குதிரை கொஞ்சம்கூடச் சாயாமல், வானத்தை முட்டுகிற மாதிரி கரைமேல் ஏறியது.

முதல் குலவை செவந்தியுடையது. அதற்குப் பிறகு எத்தனை பெண்கள் சேர்ந்தார்கள் என்று தெரியவில்லை. கரை முழுக்க அந்தச் சத்தம்தான். மேளக்காரர்கள் அதற்கு மேல் போக முயன்று தோற்றார்கள். உடையப்பன் தன் துண்டைத் தலைக்கு மேலே சுழற்றினார்.

அய்யனார் சந்நிதியில் குதிரையை இறக்கியபோது சேவுகனின் தோளில் தோல் உரிந்திருந்தது. டாக்டர் பக்கத்தில் வந்து அவன் கண்களைப் பார்த்தார். ஆடவில்லை.

“போதும், உட்காரு” என்றார்.

“இன்னும் குதிர நிக்கிதுங்கய்யா அங்கிட்டு” என்றான் சேவுகன். “நான் போயி எடுத்துட்டு வாரேன்.”

“மெல்லப் போங்க!” என்று செவந்தி கத்தினாள்.

அவன் ஏற்கெனவே கரையில் ஓடிக்கொண்டிருந்தான்.